பழைய கேமரா சிக்குகிறதா? உலர் மசகைத் தொடும் முன் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

கதவு கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் இறுகினால் மெஷின் ஆயில் என்று பழகிய கை, கேமராவுக்குள்ளும் அதையே செய்யப் பார்க்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டிக்குக் கொண்டுபோனால், ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரும் சேர்ந்து உறையும். மெஷின் ஆயில் உறையாது, ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.

யாஷிகா-மேட் 124ஜி, ரோலிகார்ட், ஆக்ஃபா ஐசோலெட் போன்ற கேமராக்களில் லென்ஸுக்கு நடுவே இருக்கும் இலை ஷட்டரின் பிளேடுகள் எண்ணெயே படாமல் ஓடும்படி செய்யப்பட்டவை. தாள் போல மெல்லிய எஃகு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் துளி எண்ணெய் புகுந்தால், ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் போல ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கும் பலம் அங்குள்ள ஸ்பிரிங்குக்குக் கிடையாது. எண்ணெய் விட்டால் ஊர்ந்து இவற்றை அடையக்கூடிய இடங்களுக்குத்தான் உலர் மசகு, அதாவது எண்ணெய்க்குப் பதில் வழுக்கும் பொடி. அதுவும் சுத்தம் செய்த பிறகு, அப்போதும் உரசல் இருந்தால் மட்டும். பிசுக்கின் மேல் பொடி தூவினால் கிடைப்பது கருப்புச் சாந்து.

கையில் இருக்க வேண்டியவை

லைட்டருக்கு ஊற்றும் நாப்தா, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஜீரோ நம்பர் பிரஷ் இரண்டு, பல்குச்சி, லென்ஸ் துடைக்கும் தாள், ரப்பர் ஊதுபந்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸ் (ஷட்டர் பட்டனைத் தள்ளியிருந்து அழுத்தும் கம்பி). பங்கில் பிடித்த பெட்ரோல் வேண்டாம், அதில் சேர்மானங்கள் உண்டு. எந்தக் கரைப்பானாக இருந்தாலும் முதலில் சுத்தமான கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் வட்டக் கறை தெரிந்தால் அந்தப் பாட்டில் கேமராவுக்கு ஆகாது. நாப்தா சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ வேண்டாம்.

எந்தப் பொடி

கடையில் கிடைப்பவை மூன்று. முதலாவது கிராஃபைட்: பூட்டுக்குப் போடும் கருப்புப் பொடி, மலிவு. அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரம் தேவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் பிரஷ்கள் வறண்ட காற்றில் பொடிப்பொடியாகத் தேய்ந்துபோனது இதனால்தான். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். போதாததற்கு, ஈரமும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் அலுமினியத்தை அரிக்கத் தூண்டும். கேமராவின் உடம்போ பெரும்பாலும் அலுமினியம்.

இரண்டாவது மாலிப்டினம் டைசல்ஃபைடு, பட்டறை மொழியில் மாலி. அடர் சாம்பல் நிறம். உலோகத்தின் மேல் வைத்துத் தேய்த்தால் பூச்சுபோல் பிடித்துக்கொள்ளும், பாரம் தாங்கும். ஈர விஷயத்தில் கிராஃபைட்டுக்கு நேர் எதிர்: வறண்ட காற்றில் நன்றாக வழுக்கும், ஈரம் கூடினால் உரசல் ஏறும். பூஞ்சைக்குப் பயந்து சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைக்கிற கேமராவுக்கு இது பொருத்தம். வாங்கும்போது ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள வெறும் பொடியாகக் கேளுங்கள். மாலி கலந்த கிரீஸும் என்ஜின் ஆயிலில் ஊற்றும் மாலியும் ஈர மசகுகள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூன்றாவது பிடிஎஃப்இ, அதாவது தோசைக் கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே டெஃப்லான். வெள்ளை, மின்சாரம் கடத்தாது, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. பாரம் விழுந்தால் நசுங்கி விலகிவிடும். ஸ்பிரேயாக வாங்கினால் கேமராவுக்குள் நேராக அடிக்கவே கூடாது. அதன் மூடியில் கொஞ்சம் அடித்து, பல்குச்சியால் தொட்டு வைக்க வேண்டும். இந்தப் பொடி ஒட்டிய விரலோடு சிகரெட் பிடிக்கக் கூடாது. சூடேறிய பிடிஎஃப்இ புகை காய்ச்சலில் தள்ளும்.

சுருக்கமாகச் சொன்னால், உலோகத்தோடு உலோகம் சறுக்கும் இடத்தில் மாலி, பிளாஸ்டிக் பாகத்திலும் மின் தொடர்புக்குப் பக்கத்திலும் பிடிஎஃப்இ, கேமராவின் வெளிப்புறத்தில் மட்டும் கிராஃபைட். ஷட்டருக்குள் கிராஃபைட் போடும் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. வேலையும் செய்யும்தான். உதிர்ந்த பொடியைப் பிறகு லென்ஸின் பின்கண்ணாடியில் பார்க்கும்போதுதான் வருத்தம் வரும்.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் ‘டிக்’ சத்தம் வருகிறது, பிளேடு திறக்கவில்லை, அல்லது திறந்து மெல்ல மூடுகிறது

முதலில் இது பிசுக்கா, உடைசலா என்று பிரித்தறியுங்கள். கேமராவை மிதமான சூட்டில் கால் மணி நேரம் வைத்துவிட்டு ஷட்டரை மறுபடி அடித்து, அதாவது இயக்கிப் பாருங்கள். சூட்டில் ஓடி, ஏசி அறையில் நின்றால் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி நின்றால் ஸ்பிரிங் விட்டிருக்கலாம், பிளேடு முள்ளிலிருந்து கழன்றிருக்கலாம். அதற்கு மசகு மருந்தல்ல.

பிசுக்கு என்று தெரிந்தால் லென்ஸ் ஸ்பேனரால் முன் லென்ஸ் தொகுதியைக் கழற்றுங்கள். பிளேடுகள் எதிரே தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் இருக்கும் இடம் வானவில் நிறத்தில் மின்னும், இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடு ஈரமாகத் தெரியும். பிரஷ்ஷின் நுனியை நாப்தாவில் தோய்த்து, சொட்டும் அளவுக்கு இல்லாமல், பிளேடுகளின் மேல் தடவி இருபது முறை அடியுங்கள். தாளின் முனையைச் சுருட்டி ஒற்றி எடுங்கள். தாளில் பழுப்புக் கறை வரும். கறை வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள், மூன்று நான்கு சுற்று ஆகும். பிறகு, பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் ‘பி’ வேகத்தில் வைத்து, கேபிள் ரிலீஸைப் பூட்டி, திறந்த நிலையில் பிளேடுகளின் உள் ஓரங்களைத் துடையுங்கள். பின் பக்கத்தையும் இப்படியே துடைக்க வேண்டும், இல்லையென்றால் அங்குள்ள எண்ணெய் வாரத்தில் முன்னால் வந்துவிடும்.

நாப்தா ஈரம் இருக்கும்போது பிளேடு முன்னைவிட மோசமாக ஒட்டும். பதற வேண்டாம், அரை மணி நேரம் காயட்டும். காய்ந்த பிறகு மறுபடி ஒட்டினால் உள்ளே இன்னும் எண்ணெய் கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். இன்னொரு சுற்று சுத்தம் செய்யுங்கள். பொடியை எடுக்கும் நேரம் இது இல்லை.

இரண்டு எச்சரிக்கை. சுய டைமர் நெம்புகோலை இந்த நிலையில் தொடாதீர்கள். பிசுக்கேறிய டைமர் பாதி வழியில் நின்றால் ஷட்டர் மொத்தமும் அதனோடு நிற்கும். 1/500 வினாடி வேகம் உள்ள காம்பூர் ஷட்டர்களில் அந்த வேகத்தைக் காக் செய்வதற்கு, அதாவது ஷட்டரின் ஸ்பிரிங்கை இழுத்து ஏற்றுவதற்கு, முன்பே வைக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு ஸ்பிரிங் உண்டு. காக் செய்த பிறகு திருப்பினால் வளையம் இறுகும். அந்த இறுக்கத்தை மசகுக் குறை என்று நினைத்துப் பொடி தேடுபவர்கள் உண்டு.

அறிகுறி: பிளேடு பளிச்சென்று சுத்தம், ஆனாலும் ஓட்டத்தில் தயக்கம்

உலர் மசகு தன் வேலையைக் காட்டும் இடம் இது. பிளேடுகளைத் தள்ளுவது அவற்றுக்கு அடியில் இருக்கும் ஒரு வளையம். ஒவ்வொரு பிளேடின் துளையிலும் அதன் முள் ஒன்று நுழைந்திருக்கும். வளையம் ஒரு பள்ளத்துக்குள் சில டிகிரி முன்னும் பின்னும் திரும்பும். வெறும் உலோகம் உலோகத்தின் மேல் சறுக்கும் இந்தப் பள்ளத்தில் எண்ணெய் விட்டால் அது நேராகப் பிளேடுக்குத்தான் போகும். எண்ணெய்க்கு இடமில்லை, ஆனால் மசகு வேண்டும். மாலி இங்கேதான்.

வளையத்தை எடுக்க ஷட்டரைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள், முக்கியமாகப் பிளேடு எது மேலே எது கீழே என்பதை. வளையத்தையும் பள்ளத்தையும் ஆல்கஹாலில் கழுவிக் காயவையுங்கள். விரல் ரேகை எண்ணெய் பட்டாலும் மாலி பிடிக்காது, சிமிட்டாவால் எடுங்கள். பல்குச்சியின் நுனியைக் கடித்து நாராக்கி, பொடியில் தொட்டு, தட்டி உதறிவிடுங்கள். நாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சாயம் போதும், அது ஒரு வளையத்துக்கே அதிகம். பள்ளத்தின் அடித்தரையிலும் வளையத்தின் கீழ்ப்பக்கத்திலும் அழுத்தித் தேயுங்கள். முதலில் சாம்பல் தீற்றலாக இருக்கும். தேய்க்கத் தேய்க்க ஈயம் பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு வரும். அந்த மினுமினுப்புதான் மசகு. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பொடி வெறும் குப்பை. ஊதுபந்தால் ஊதி, காய்ந்த தாளால் துடைத்து, கடைசியில் வெள்ளைத் தாளில் வளையத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் இன்னும் துடைக்க வேண்டும்.

காக்கிங் வளையத்தின் அடிப்பக்கம், வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் தகட்டின் ஓரம் இரண்டுக்கும் இதே முறைதான். பிளேடுகளின் முகத்தில் மாலி தேய்க்க வேண்டாம். அவை சுத்தமாக இருந்தாலே ஓடும். துருப்பிடித்துச் சொரசொரத்த பிளேடு என்றால் துருவை எடுத்த பிறகு, அந்த இடத்தில் மட்டும், மேலே சொன்ன மினுமினுப்பு அளவுக்கு.

சரியானதா என்று பார்க்கப் போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் போதும். கேமராவின் பின்கதவைத் திறந்து, எதிரே வெளிச்சம் வைத்துப் பதிவு செய்யுங்கள். 1 வினாடிக்கு 240 படம், 1/30-க்கு 8 படம் பிளேடு திறந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களை இந்த வழியில் அளக்க முடியாது. ஆனால் பிளேடுகள் சமமாகத் திறக்கின்றனவா, ஒன்று மட்டும் பின்தங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: 1/125 சரி, 1 வினாடியில் ‘ஸ்ர்ர்…’ என்று ஓடிப் பாதியில் நிற்கிறது

மெதுவான வேகங்களை அளப்பது குட்டிக் கடிகாரம் போன்ற ஒரு பற்சக்கரத் தொகுதி. அதன் அச்சுத் துளைகளில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது. கிராஃபைட்டை நாப்தாவில் கலக்கி உள்ளே ஊற்றும் குறுக்குவழியை நிறையப் பேர் சொல்வார்கள். அன்றைக்கு ஓடும். கரைந்த பிசினும் பொடியும் சேர்ந்து பல்லிடுக்கில் தங்கி, சில மாதத்தில் பழையபடி நிற்கும். அப்போது கழுவுவது இரட்டை வேலை.

தொகுதியைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, நாப்தாவில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, மூழ்கிய நிலையிலேயே நெம்புகோலைத் தள்ளித் தள்ளி ஓட்டுங்கள். காயவைத்துச் சோதியுங்கள். ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். தயங்கினால் அச்சு முனைகளில் மட்டும் செயற்கைக் கடிகார எண்ணெயை ஊசி நுனியால் தொட்டு வையுங்கள். பற்களில் வேண்டாம், அவற்றைத் தடுத்து விடும் நங்கூரத் துண்டிலும் வேண்டாம். பொடி நுழைய முடியாத மெல்லிய அச்சுக்கு எண்ணெய்தான் சரி.

கேனான் ஏஇ-1 ஷட்டர் அடிக்கும்போது இருமுவதுபோல் கீச்சிடுவதும் இந்த இனம்தான். சத்தம் ஷட்டரிலிருந்து வருவதில்லை. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை மேலே தூக்கும் பொறியின் சக்கர அச்சு காய்ந்திருக்கிறது. அங்கே ஒரு துளிக்கும் குறைவான லேசான எண்ணெய். பொடி எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அந்த அச்சைப் போய்ச் சேராது.

அறிகுறி: எஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸில் எஃப் 16 (ஒளித் துளையை நன்றாகச் சுருக்கும் அளவு) வைத்தாலும் படம் வெளுத்து வருகிறது

லென்ஸின் பின்னால் உள்ள நெம்புகோலைத் தட்டிவிட்டுப் பாருங்கள். துளை சட்டென்று சுருங்காமல் சோம்பலாக மூடினால் அந்தத் துளையின், அதாவது அபெர்ச்சரின், இலைகளில் எண்ணெய். நிக்கோர் 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ இதற்குப் பேர்போனது. ஃபோகஸ் கிரீஸிலிருந்து பிரிந்த எண்ணெய்தான் ஊர்ந்து வந்திருக்கிறது. ஆகவே இலைகளை மட்டும் துடைத்தால் திரும்ப வரும், பழைய கிரீஸையும் மாற்ற வேண்டும். இலைகளின் கருப்புப் பூச்சு மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் வெள்ளி தெரியும், உள்ளே ஒளி சிதறும். ஒற்றி எடுங்கள். மசகு எதுவும் வேண்டாம்.

ஹீலியோஸ் 44-2 போல அபெர்ச்சரைக் கையால் மூடும் லென்ஸில் எண்ணெய் பளபளத்தாலும் படத்துக்குக் கெடுதல் இல்லை. கண்ணாடியில் புகைபோல் படியாத வரை சும்மா விடலாம்.

அறிகுறி: ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகிவிட்டது

இங்கே உலர் மசகு ஒருபோதும் வேண்டாம். ஃபோகஸ் மரையில் கிரீஸ் வழுக்கலுக்கு மட்டும் இல்லை, கையில் அந்தப் பட்டுப்போன்ற எதிர்ப்பைத் தருவதும், மரைகளுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பி ஆட்டத்தைத் தடுப்பதும் அதுதான். பிடிஎஃப்இ ஸ்பிரே அடித்தால் வளையம் தொளதொளவென்று சுற்றும், லென்ஸ் ஆடும், அலுமினிய மரை அலுமினியத்தைக் கடிக்கத் தொடங்கும்.

ஐசோலெட்டில் முன் லென்ஸ் மட்டும் சுழன்று ஃபோகஸ் ஆகும். அதன் பச்சை கிரீஸ் காலப்போக்கில் சிமென்ட்டாகிவிடும். ஆத்திரத்தில் திருப்பினால் முன் லென்ஸும் நடு லென்ஸும் ஒன்றாகச் சேர்ந்தே ஷட்டரிலிருந்து கழன்று வரும். ஃபோகஸ் ஆகிறது என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டிருப்போம். வளையத்தின் ஓரத்தில் உள்ள மூன்று குட்டி ஸ்க்ரூக்களைத் தளர்த்தி வளையத்தை எடுத்துவிட்டு, ஒட்டிய இரண்டையும் மொத்தமாகக் கழற்றி, மரை ஓரத்தில் நாப்தா விட்டு, ஹேர் டிரையரில் சூடாக்கி, மறுபடி நாப்தா விட்டுப் பொறுமையாக அசைக்க வேண்டும். ஒரு நாளில் வராது, இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். மரை பிரியும் புள்ளியை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். பழையதைச் சுத்தமாகத் துடைத்து, ஃபோகஸ் மரைக்கான ஹெலிகாய்டு கிரீஸ் கடுகளவு போதும். பின்பு ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் மங்கலான டேப்பை இழுத்து ஒட்டி, தூரத்துக் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்த்து முடிவிலித் தூரத்தைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: திரை ஷட்டர், உலோக இலை ஷட்டர் இழுக்கின்றன

சோர்க்கி, ஃபெட் போன்ற துணித் திரை ஷட்டர்களில் படத்தின் ஒரு பக்கம் இருண்டால் திரைகளின் ஓட்டம் சமமில்லை. உருளை அச்சில் எண்ணெய்த் தொடுகையும் ஸ்பிரிங் இழுவைச் சரிசெய்தலும்தான் வழி. பொடி துணியில் ஏறினால் ஃபிலிமில் உதிரும். நாப்தாவும் துணியில் படக் கூடாது, அதன் ரப்பர் பூச்சைக் கரைக்கும்.

கேனான் ஈஓஎஸ் 650 காலத்து ஷட்டரில், ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் உலோக இலைகளில் கருப்புத் தார் போல ஒட்டியிருப்பது எண்ணெய் அல்ல, இலைகள் வந்து மோதும் மெத்தை கரைந்து வழிந்தது. நாப்தாவில் தோய்த்த பஞ்சால் இலையின் நீளவாக்கில் துடையுங்கள். மெத்தையின் மிச்சத்தையும் சுரண்டி எடுக்காவிட்டால் திரும்ப வழியும். மசகு வேண்டாம்.

அறிகுறி: மடிப்புக் கேமராவின் கால் கீச்சிடுகிறது, மரக் கேமராவின் தடம் இறுகுகிறது

கிராஃபைட்டுக்கு ஏற்ற இடம் இதுதான். 6பி பென்சிலால் மடிப்புக் காலின் சறுக்குப் பள்ளத்தில் நாலு கோடு இழுத்து, திறந்து மூடி, உதிர்ந்ததைத் துடைத்துவிட்டால் முடிந்தது. எச்பி பென்சில் வேண்டாம், அதில் களிமண் அதிகம். மடிப்பு மடிப்பாக விரியும் பெல்லோஸை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி போன்ற தேக்குக் கேமராவில் மரம் மரத்தின் மேல் சறுக்கும் தடத்துக்கு வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்ப்பதே போதும். பித்தளைப் பல்தண்டுக்குப் பிடிஎஃப்இ நல்லது, மாலி போட்டால் கை கருக்கும்.

அறிகுறி: மசகு போட்ட பிறகு வந்தவை

ஃபிளாஷ் மாட்டியவுடனே தானாக மின்னுகிறது, அல்லது லைட் மீட்டர் முள் துள்ளுகிறது: கிராஃபைட் மின் தொடர்புக்குப் போயிருக்கிறது. ஊதினால் போகாது. பேட்டரியை எடுத்துவிட்டு ஆல்கஹால் தோய்த்த பிரஷ்ஷால் தொடர்பையும் அதைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தையும் கழுவுங்கள்.

கண்ணாடியில் வெள்ளை மூட்டம்: பிடிஎஃப்இ ஸ்பிரே. துடைக்கும் முன் ஊதி எடுத்துவிட்டு, பிறகு ஆல்கஹால் தாளால் நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடைக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த படத்தில் வானத்தில் ஒழுங்கற்ற சின்னக் கருப்புப் புள்ளிகள்: படம் எடுக்கும்போது ஃபிலிமில் ஒட்டியிருந்த பொடி. கேமராவின் ஃபிலிம் அறைக்குள் கறுப்பு உள்சுவரில் மாலி தெரியாது. செல்லோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் தெரியும். டேப் சுத்தமாக வரும் வரை ஃபிலிம் போட வேண்டாம்.

ஷட்டர் முன்னைவிட மெதுவாகிவிட்டது: பொடி அதிகம், அல்லது அடியில் எண்ணெய் இருக்கும்போதே போட்டது. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. மொத்தத்தையும் நாப்தாவில் கழுவி, வெறுமையாகக் காயவைத்து, மசகே இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.